எட்டு போடாமல் ஏர்பஸ் ஓட்டும் மக்களுக்கு

நம்ம ஊர்ல டூவீலர் லைசென்ஸ் எடுக்கப் போனா, ஆர்டிஓ ஆபீஸ் மைதானத்துல எட்டு போடச் சொல்வாங்க. ரோட்டுல யாரும் எட்டு போட்டுக்கிட்டே ஆபீஸ் போறதில்லை. ஆனாலும் போட்டே ஆகணும். காலை ஊன்றாமல், வேகத்தை ஏற்றாமல், வண்டியைச் சாய்த்துத் திருப்பத் தெரிந்தவனுக்குத்தான் மற்றதெல்லாம் வரும் என்பது கணக்கு. வீட்டுக் கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டுகிற நம் மக்களிடம் எனக்கு இருக்கிற ஒரே புகார் இதுதான். ஒருத்தரும் எட்டு போடுறதில்லை. எடுத்த எடுப்பில் ஏர்பஸ்.

கதை எல்லா வீட்டிலும் ஒன்றுதான். சிமுலேட்டரை நிறுவின முதல் ராத்திரியே மீனம்பாக்கத்தில் போயிங் 747. ஆட்டோபைலட்டைப் போட்டுவிட்டு தோசை சாப்பிடப் போவது. திரும்பி வந்து இறக்கும்போது ஓடுபாதைக்கு அந்தப் பக்கம் எங்கேயோ செருகுவது. அடுத்த நாள் இமயமலை, அதற்கடுத்த நாள் சொந்த ஊர் பஸ் ஸ்டாண்டில் இறக்க முயற்சி. நாலாவது நாள் "போரடிக்குது மச்சி". காசு கொடுத்து வாங்கின ஜாய்ஸ்டிக் அட்டைப்பெட்டிக்குள் போய்விடும். அப்புறம் தங்கச்சி பிள்ளைகள் லீவுக்கு வந்தால்தான் வெளியே வரும்.

என் கட்சி இதுதான். வீட்டு சிமுலேட்டரால் உருப்படியான பலன் கிடைப்பது நாலே நாலு விஷயத்தில்: நேராகப் பறப்பது, ஏறுவது, இறங்குவது, திரும்புவது. அதை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் செய்தால் அது வேடிக்கை பார்ப்பது. வேடிக்கை பார்ப்பது தப்பில்லை. ஆனால் அதைப் பறக்கக் கற்றுக்கொள்வது என்று நம்பினால், பின்னாடி சொல்லப்போகிற மாதிரி, சில வீடுகளில் அது பல லட்ச ரூபாய் சமாச்சாரம் ஆகிவிடுகிறது.

மென்பொருள் செய்தவர்கள் மேல் பழி போட முடியாது. 1979-ல் ப்ரூஸ் ஆர்ட்விக் ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்கு எழுதின கோட்டோவிய சிமுலேட்டர், 1982-ல் மைக்ரோசாஃப்ட் பெயரில் வந்தபோதே சின்ன செஸ்னாவில்தான் நம்மை உட்கார வைத்தது. 2006-ல் வந்த ஃப்ளைட் சிமுலேட்டர் எக்ஸில் ராட் மச்சாடோ என்கிற நிஜப் பயிற்சியாளரின் பாடங்களே இருந்தன. முதல் பாடம் நேராகவும் மட்டமாகவும் பறப்பது. நம்ம ஆட்கள் அந்தப் பக்கத்தை, சாஃப்ட்வேர் நிறுவும்போது வருகிற ஒப்பந்தம் மாதிரி, படிக்காமலே தாண்டிப் போனவர்கள் :-)

சரி, மேட்டருக்கு வர்றேன். எங்கே பழகுவது? என் யோசனை: உங்களுக்குக் காலால் தெரிந்த ஓர் இடத்துக்கு மேலே. எனக்கு அது மாண்ட்ரியலில் இருக்கிற ஜான்-டலோன் சந்தை. கத்தரிக்காயும் கொத்தமல்லியும் வாங்க வாராவாரம் போகிற இடம். இப்போதைய சிமுலேட்டர்கள் செயற்கைக்கோள் படங்களை வைத்து உலகத்தைக் கட்டுவதால், தெரிந்த தெருக்களை மேலிருந்து அடையாளம் பிடித்துவிடலாம். கீழே இருப்பது என்னவென்று தெரிந்தால்தான் கண் மீட்டரை விட்டு வெளியே போகும். அதுதான் இங்கே முக்கியம்.

முதல் பயிற்சி, நேராகப் பறப்பது. சந்தைக்கு மேற்கே இரண்டு தெரு தள்ளி சான்-லோரான் சாலை, ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி நீளமாகப் போகிறது. 2000 அடி உயரம், 90 நாட் வேகம், அந்தச் சாலையைப் பிடித்துக்கொண்டு போங்கள். ஒரு வேடிக்கை உண்டு. இந்த ஊர்க்காரர்கள் "வடக்கு" என்று சொல்வது உண்மையில் வடமேற்கு. "வடக்கே" போகிற சான்-லோரானைப் பிடித்துப் போனால் திசைகாட்டி ஒப்புக்கொள்ளாது. ஊர்ப் பேச்சுக்கும் திசைகாட்டிக்கும் சண்டை வந்தால் யார் பக்கம் நிற்பது என்பதும் ஒரு பாடம்தான்.

ஐந்து நிமிஷம் 100 அடி கூடாமல் குறையாமல் போய்ப் பாருங்கள். சும்மா இருக்கிற வேலை மாதிரி தெரியும், ஆனா கழுத்தை ஒடிக்கும். உயரம் 40 அடி குறைந்தால் குச்சியை இழுப்பீர்கள், 120 அடி ஏறிவிடும். தள்ளுவீர்கள், 200 அடி இறங்கும். இந்த ஊஞ்சலாட்டத்துக்குக் காரணம் உயரமானியைப் பார்த்து ஓட்டுவது. உயரமானி நடந்து முடிந்ததைச் சொல்கிறது. நடக்கப் போவதைச் சொல்வது தொடுவானம். விமானத்தின் மூக்குக்கும் தொடுவானத்துக்கும் இடையே எத்தனை விரல் இடைவெளி என்று பார்த்து, அந்த இடைவெளியைக் காப்பாற்றினால் உயரம் தன்னால் நிற்கும். வாடகை சைக்கிளில் பழகும்போது "கீழ பாக்காத, முன்னாடி பாருடா" என்று பின்னாலிருந்து கத்தின அண்ணன் சொன்னதும் இதைத்தான்.

அப்புறம் ட்ரிம். கையை எடுத்தாலும் விமானம் அப்படியே போகும்படி அழுத்தத்தைச் சரிசெய்கிற சின்னச் சக்கரம். முதலில் மூக்கை வைக்கணும், பிறகு எஞ்சின் விசை, கடைசியில் ட்ரிம். இந்த வரிசையை மாற்றாமல் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் செய்து பழகினால் பாதி வித்தை வந்துவிட்டது. நம்மில் பலபேர் ட்ரிம் என்று ஒரு பொத்தான் இருப்பதே தெரியாமல் மூன்று மணி நேரம் ஜாய்ஸ்டிக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டு பறக்கிறவர்கள்.

அடுத்தது திருப்பம். இங்கேதான் சந்தை வேலைக்கு வருகிறது. 90 நாட் வேகத்தில் சுமார் 14 டிகிரி சாய்த்தால் நொடிக்கு 3 டிகிரி திரும்பும். முழு வட்டத்துக்கு இரண்டு நிமிஷம். வட்டத்தின் ஆரம் கிட்டத்தட்ட 880 மீட்டர். சந்தையை நடுப்புள்ளியாக வைத்தால், மேற்கே ஜாரி பூங்காவை ஒட்டிப் போய்த் திரும்பி வரும் வட்டம். காற்றே இல்லாமல் இதைச் செய்வது சுலபம். இப்போது சிமுலேட்டரில் 20 நாட் மேல்காற்றைப் போடுங்கள். அதே 14 டிகிரியைப் பிடித்துக்கொண்டிருந்தால் உங்கள் வட்டம் முட்டை ஆகி, முட்டை கிழக்கே நகர்ந்து, சந்தை எங்கேயோ போய்விடும். காற்று பின்னாலிருந்து தள்ளும்போது தரைவேகம் 110, எதிர்க்கும்போது 70. அதே வட்டத்தில் நிற்க, முதல் இடத்தில் 20 டிகிரி சாய்க்கணும், இரண்டாவது இடத்தில் 8, 9 டிகிரி போதும். ஒவ்வொரு நொடியும் சாய்வு மாறிக்கொண்டே இருக்கும். எந்த மீட்டரும் இதைச் சொல்லாது. கீழே பார்த்து, கையால் உணர்ந்து செய்யணும்.

இது கைவந்த பிறகு, சந்தையை இடப்பக்கமாகச் சுற்றி, கிழக்கே ஐந்து கிலோமீட்டருக்கு மேல் தள்ளி நிற்கிற ஒலிம்பிக் மைதானத்தின் சாய்ந்த கோபுரத்தை வலப்பக்கமாகச் சுற்றி வாருங்கள். ஆச்சு, எட்டு போட்டாச்சு. லைசென்ஸ் கொடுக்கத்தான் ஆளில்லை.

நிஜத்தில் இங்கே இப்படிச் சுற்ற விடமாட்டார்கள் என்பதையும் சொல்லிடறேன். கீழே ஜன நெருக்கடி, பக்கத்திலேயே ட்ரூடோ விமான நிலையத்தின் வான்பரப்பு. ஆற்றுக்கு அந்தப்பக்கம் சான்-உபேரில் இருந்து கிளம்பும் பயிற்சி விமானங்கள் மொன்டேரேஜி வயல்வெளிகளுக்கு மேலே போய்த்தான் சுற்றுகின்றன. சந்தையில் நாம் வாங்கும் சோளமும் ஸ்ட்ராபெரியும் விளைகிற நிலம் அது. மாணவர்கள் மேலே வட்டம் போட, கீழே விளைந்தது லாரி ஏறி சந்தைக்கு வருகிறது. வீட்டில் இருந்தபடி நகரத்துக்கு மேலேயே பழக முடிவது சிமுலேட்டர் தருகிற சலுகை. அதை வீணாக்கலாமா?

சந்தைக்கும் பறப்பதற்கும் இன்னொரு ஒட்டுறவும் இருக்கு. சந்தை திறந்தது 1933-ல். அதே வருஷம் ஜூலையில் இத்தாலியின் இதாலோ பால்போ 24 கடல் விமானங்களை அணிவகுத்து ஐஸ்லாந்து, லாப்ரடார் வழியாக அட்லாண்டிக்கைத் தாண்டி மாண்ட்ரியல் ஆற்றில் இறக்கி, அங்கிருந்து சிகாகோ உலகக் கண்காட்சிக்குக் கொண்டுபோனார். அந்த ஆளின் அரசியல் பாசிச அரசியல், அதில் கொண்டாட ஒன்றுமில்லை. சந்தை இருக்கும் லிட்டில் இத்தாலியின் மாதா கோயிலில் குதிரைமேல் முசோலினி இருக்கும் சுவரோவியத்தைப் பார்த்தால் அந்தக் காலத்து மயக்கம் புரியும். ஆனால் அந்த விமானிகள் செய்த வேலையை யோசிங்க. பக்கத்து விமானத்தைக் கண்ணால் பார்த்து, இடைவெளியும் உயரமும் மாறாமல், மணிக்கணக்கில் நேராகப் பறப்பது. நாம் ஐந்து நிமிஷத்தில் அலுத்துப்போகிற அதே முதல் பாடம்.

"இப்ப எல்லாத்தையும் கம்ப்யூட்டரே ஓட்டுது, இதெல்லாம் எதுக்கு?" என்று கேட்கிறவர்களுக்கு இந்த ஊர் சம்பந்தப்பட்ட இரண்டு கதைகள்.

1983 ஜூலை 23. மாண்ட்ரியலில் கிளம்பி, ஆட்டாவா வழியாக எட்மன்டன் போன ஏர் கனடா போயிங் 767-ல், கிலோ கணக்குக்குப் பதில் பவுண்டு கணக்கில் எரிபொருள் போட்டுவிட்டார்கள். 41,000 அடியில் இருக்கும்போது தீர ஆரம்பித்து, இரண்டு எஞ்சினும் நின்றுவிட்டன. கேப்டன் பாப் பியர்சன் ஓய்வு நேரத்தில் எஞ்சின் இல்லாத கிளைடர் ஓட்டுகிறவர். கிம்லி என்ற பழைய விமானப்படைத் தளத்தை நெருங்கும்போது உயரம் அதிகமாக இருந்தது. விமானத்தை ஒருபக்கம் சாய்த்து, ரடரை எதிர்ப்பக்கம் மிதித்து, உடம்பைக் காற்றுக்குக் குறுக்காக வைத்து உயரத்தைக் குறைத்தார். ஸைட்ஸ்லிப் என்பார்கள். சின்ன விமானத்தில் மாணவர்கள் பழகுகிற சமாச்சாரம். 69 பேரும் பிழைத்தார்கள். பிறகு அதே நிலைமையை சிமுலேட்டரில் கொடுத்து மற்ற விமானிகளை முயலவிட்டபோது விபத்தில்தான் முடிந்ததாகச் சொல்வார்கள்.

2001 ஆகஸ்ட் 24. மாண்ட்ரியலைத் தலைமையகமாகக் கொண்ட ஏர் டிரான்ஸாட்டின் ஏர்பஸ் ஏ330, டொராண்டோவிலிருந்து லிஸ்பனுக்கு. அட்லாண்டிக் நடுவே எரிபொருள் ஒழுகித் தீர்ந்துபோனது. கசிவைப் புரிந்துகொள்ளாமல் நல்ல பக்கத்து எரிபொருளையும் கசிகிற பக்கத்துக்குத் திறந்துவிட்டதில் விமானிகளின் பங்கும் இருந்தது, அதை மறைக்க வேண்டாம். ஆனால் எஞ்சின்கள் நின்ற பிறகு கேப்டன் ரோபேர் பிஷே சுமார் 19 நிமிஷம் மிதக்கவிட்டு அசோர்ஸ் தீவுகளில் லாஜெஸ் தளத்துக்குக் கொண்டுவந்தார். அங்கேயும் உயரம் அதிகம். என்ன செய்தார்? ஒரு முழு 360 டிகிரி வட்டம், அப்புறம் எஸ் வடிவில் வளைவுகள். 306 பேரும் உயிரோடு இறங்கினார்கள். காய்கறிச் சந்தைக்கு மேலே நான் உங்களைப் போடச் சொன்னேனே, அந்த வட்டம்தான்.

எதிர்ப்பக்கத்துக் கதைகளும் உண்டு. 2009 பிப்ரவரி 12 அன்று பஃபலோ அருகே கோல்கன் ஏர் விமானத்தில் வேகம் குறைந்து எச்சரிக்கை அடித்தபோது கேப்டன் மூக்கைத் தள்ளாமல் இழுத்தார். 50 பேர் போனார்கள். அதே வருஷம் ஜூன் 1, ஏர் பிரான்ஸ் 447. வேக உணரிகள் உறைந்து, ஆட்டோபைலட் விலகிக்கொண்டதும், மூக்கு மேலே தூக்கியபடியே இழுக்கப்பட்டது. சுமார் 38,000 அடியிலிருந்து மூன்றரை நிமிஷத்தில் கடலுக்குள். 228 பேர். இறக்கை காற்றைப் பிடிக்க முடியாத கோணத்துக்குப் போவதுதான் ஸ்டால். மூக்கைக் கீழே விடணும். செஸ்னாவில் முதல் சில பாடங்களிலேயே வருகிற விஷயம். அது தலைக்குத் தெரிந்தால் போதாது, பதறுகிற நேரத்தில் கைக்குத் தெரியணும். இதே மாண்ட்ரியலில் உட்கார்ந்திருக்கிற சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு, 2014-ல் இந்த மாதிரி நிலைகுலைவிலிருந்து மீளும் பயிற்சியைத் தன் விதிமுறைகளுக்குள் கொண்டுவந்ததுக்கு இந்த விபத்துகள் பெரிய காரணம்.

இப்போ நாணயத்தின் மறுபக்கம். வீட்டு சிமுலேட்டர் எதைக் கற்றுத்தராது?

உடம்பைக் கற்றுத்தராது. 60 டிகிரி சாய்ந்து உயரம் மாறாமல் திரும்பினால் உங்கள் எடை இரண்டு மடங்காகும். ஸ்டால் ஆகும் வேகமும் 41 சதவீதம் ஏறிவிடும். வீட்டு நாற்காலியில் அது தெரியாது. ஸ்டாலுக்கு முன்னால் வரும் அதிர்வு, ரடர் மிதிக்காத திருப்பத்தில் உட்காருமிடம் வழுக்குவது, காது அடைப்பது, பயம், எதுவும் கிடையாது. அதைவிட மோசம், கெட்ட பழக்கத்தைக் கற்றுத்தரும். திரை சின்னது, பக்கவாட்டில் ஒன்றும் தெரியாது, அதனால் கண் மீட்டரிலேயே ஒட்டிக்கொள்ளும். சிமுலேட்டரில் பழகி வருகிற மாணவர்களிடம் பயிற்சியாளர்கள் பொதுவாகச் சொல்லும் குறையே இதுதான். வைத்தியம் சுலபம். மானிட்டரில் மீட்டர்கள் இருக்கிற இடத்தில் மஞ்சள் ஒட்டுக்காகிதத்தை ஒட்டி மறைத்துவிட்டுப் பறங்கள். அஞ்சு நிமிஷம் கழிச்சு எடுத்துப் பாருங்க, உண்மை தெரிஞ்சுடும்.

சட்டமும் இந்த வரம்பைத் தெளிவாகச் சொல்கிறது. கனடாவில் பிரைவேட் பைலட் உரிமத்துக்குக் குறைந்தது 45 மணி நேரப் பயிற்சி. அதில் 17 மணி பயிற்சியாளரோடு, 12 மணி தனியாக. அங்கீகரிக்கப்பட்ட சிமுலேட்டரில் கழித்தது அதிகபட்சம் 5 மணி நேரம்தான் கணக்கில் வரும். உங்க வீட்டுக் கம்ப்யூட்டரில் கழித்தது? பூஜ்யம். மாண்ட்ரியலில் 1947-லிருந்து இயங்கும் சிஏஇ நிறுவனம் கோடிகளில் விலைபோகும் முழு சிமுலேட்டர்களைச் செய்கிறது. அனுபவமுள்ள விமானிகள் புது ரக விமானத்துக்கு அந்த மாதிரி இயந்திரத்திலேயே முழுப் பயிற்சியும் முடித்துவிட்டு, நேரே பயணிகளோடு பறக்க விதிகள் இடம்கொடுக்கின்றன. அதே பெயரை நம் மேஜை மேல் இருப்பதற்கும் வைத்திருக்கிறோம், அவ்வளவுதான்.

இதை ஏன் இவ்வளவு இழுக்கிறேன் என்றால், போன மாசம் ஊரிலிருந்து சித்தப்பா போன் பண்ணினார். "டேய் தம்பி, நம்ம பய கம்ப்யூட்டர்ல பிளேன் ஓட்டுறான்டா. நாப்பது தடவை லேண்ட் பண்ணிட்டானாம். பைலட் கோர்ஸ்ல சேத்துடலாமா? ரோட்டோரத்து இடத்தை வித்தா ஆகும்." பிள்ளைக்குப் பன்னிரண்டாம் வகுப்பு முடிஞ்சிருக்கு. இந்தியாவில் கமர்ஷியல் பைலட் உரிமத்துக்கு 200 மணி நேரப் பறப்பு வேண்டும். மணிக்கு மணி காசு. முடித்தவுடன் வேலை நிச்சயம் என்று யாரும் எழுதித் தரமாட்டார்கள். விளம்பரத்தில் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும்தான் தெரியும், வட்டிக் கணக்கு தெரியாது.

நான் வேண்டாம்னு சொல்லலை. எத்தனையோ கிராமத்துப் பிள்ளைகள் பறக்கிறார்கள், இவனும் பறக்கட்டும். நான் சொன்னது இவ்வளவுதான். "சித்தப்பா, இடத்தை விக்கிறதுக்கு முன்னாடி மூணு காரியம் பண்ணுங்க. ஒண்ணு, விமானிகளுக்கான மருத்துவப் பரிசோதனை. கண்ணு, காது, நெஞ்சு எல்லாம் சரின்னு தெரிஞ்சப்புறம் மத்தது. ரெண்டு, ஏதாவது ஒரு பயிற்சிப் பள்ளியில காசு கட்டி ஒரே ஒரு தடவை சின்ன விமானத்துல ஏத்தி விடுங்க. மூணு, ஒரு மாசத்துக்கு அவனை லேண்ட் பண்ண விடாதீங்க. தினம் ஒரு மணி நேரம் நேராப் பறக்கட்டும், ஏறட்டும், இறங்கட்டும், நம்ம தெப்பக்குளத்தை வட்டம் போடட்டும்."

மூன்றாவதைக் கேட்டு சித்தப்பா சிரித்தார். ஆனால் எனக்கு அதுதான் முக்கியம். அந்த முப்பது மணி நேரம் அவனைப் பைலட் ஆக்காது. அவனுக்குத் திறமை இருக்கா இல்லையா என்றும் சொல்லாது. நாற்காலியில் உட்கார்ந்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. சொல்லக்கூடியது ஒன்று உண்டு: இந்த அலுப்பு அவனுக்குப் பிடிக்குதா என்று. பைலட் வேலையில் பெரும்பகுதி செய்ததையே ஒழுங்காகத் திரும்பச் செய்வது. நேற்று 80 அடி தவறினவன், இன்னிக்கு 60-க்குக் கொண்டுவந்துட்டேன் என்று சந்தோஷப்பட்டால், நிலத்தைப் பற்றி யோசிக்கலாம். பத்தாம் நாளே திரும்ப ஏர்பஸ்ஸுக்குத் தாவினால், அவனுக்குப் பிடித்தது விமானத்தின் படம். அதில் குற்றமில்லை, அதற்காக இடத்தை விற்க வேண்டியதில்லை என்று மட்டும் தெரிந்துவிடும்.

இரண்டு வாரம் ஆச்சு. பையனிடமிருந்து நேற்று ஒரே ஒரு கேள்வி வந்தது: "அண்ணே, கீழ்க்காத்து போட்டா வட்டம் மேக்க தள்ளிப் போகுது, எந்தப் பக்கம் ஜாஸ்தி சாய்க்கணும்?" இந்தக் கேள்வியை வைத்து ஒன்றும் முடிவு பண்ணக்கூடாதுதான். இருந்தாலும், நாப்பது லேண்டிங்கைவிட இந்த ஒரு கேள்வி எனக்குப் பெரிசாகத் தெரிகிறது.

"கேம்னா ஜாலிக்குத்தானே, அதுல என்னய்யா பாடம்?" என்று பின்னூட்டத்தில் அடிக்க வரப்போகிற மக்களுக்கு முன்கூட்டியே பதில்: ஜாலியாகவே இருங்க, யாரும் தடுக்கலை. ஆனா ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் செஸ்னாவை எடுத்து, உங்க ஊர் கோபுரமோ, குளமோ, சந்தையோ, ஏதாவது ஒன்றுக்கு மேலே போங்க. காற்று 20 நாட், உயரம் 2000 அடி, மீட்டரில் ஒட்டுக்காகிதம். மூன்று வட்டம் போட்டுவிட்டு, தொடங்கின இடத்துக்கு எவ்வளவு தள்ளி வந்து நிற்கிறீர்கள், உயரம் எத்தனை அடி மாறியிருக்கு என்று ஒளிக்காமல் எழுதுங்க. 100 அடிக்குள்ள நின்னவங்களுக்கு, மாண்ட்ரியல் பக்கம் வந்தா ஜான்-டலோன் சந்தையில ஒரு கூடை ஸ்ட்ராபெரி என் செலவு. ஜூன் கடைசியில வாங்க, அப்பதான் உள்ளூர்ப் பழம் கிடைக்கும்.